யாரிடமும் போய் நிற்காத குடும்பம்

சிம்ஸ் ஆட்டத்தை உருவாக்கும் மாக்சிஸ் குழுவினருக்கு,

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். சின்ன வயதில் அத்தை வீட்டுக் கணினியில் 'சிம்' என்ற திரை மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, வேலை பார்க்க வைத்து வாழவைக்கும் உங்கள் ஆட்டத்தை அத்தை பையன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கென்று ஒரு குடும்பத்தை உருவாக்கி ஆட வாய்த்தது 2022 அக்டோபரில்தான். சிம்ஸ் 4-இன் அடிப்படை ஆட்டத்தை நீங்கள் இலவசமாக்கிய மாதம் அது. அதற்கு முதலில் நன்றி. மடல் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023-இல் எனக்கு வேலை போனது. நான் இருந்த நிறுவனத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினோரு பேரை ஒரே அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏழு மணிக்கு வெளியே வந்தபோது எங்களில் யார் கழுத்திலும் அடையாள அட்டை இல்லை. அடுத்த வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. வீட்டில் நான், அம்மா, கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த தம்பி. அப்பா இல்லை. சம்பளம் என்று வீட்டுக்கு வந்தது என்னுடையது ஒன்றுதான்.

அந்த நாட்களில் ராத்திரி தூக்கம் பிடிக்காது. லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு சிம்ஸ் ஆடுவேன். ஒரு நாள், எங்கள் குடும்பத்தையே அதில் உருவாக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கள் நிலைமையை வெளியே எடுத்து வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க ஆசைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டத்துக் காசான சிமோலியனில் முதல் ஆளுக்கு 20,000, கூட வரும் ஒவ்வொருவருக்கும் 2,000 என்பது உங்கள் கணக்கு. எங்கள் மூன்று பேருக்கும் 24,000 கிடைத்தது. சின்னதாக ஒரு வீடு கட்டினேன். மிச்சப் பணத்தை வேண்டுமென்றே செலவழித்து, கையிருப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் என்ன நடக்கிறது என்று பார்த்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. தம்பியின் சிம் வெளியே போய்ப் பாறையைத் தோண்டினான். கிடைத்த கல்லை விற்றான். அம்மாவின் சிம் ஒரு படம் வரைந்தார். அது அங்கேயே விற்றது. நான் போனை எடுத்து, பட்டியலில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தேன். நேர்முகம் இல்லை, காத்திருப்பு இல்லை, பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி இல்லை. சில நாட்களில் பதவி உயர்வும் வந்தது. ஆட்டக் கணக்கில் இரண்டு வாரம் போவதற்குள் அடுப்பை மாற்றிவிட்டோம்.

அம்மாவுக்கும் தூக்கம் வராத ராத்திரிகள்தானே அவை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்களுக்கு ஆரு கண்ணு கடன் குடுத்தா?" என்று கேட்டார்.

"யாரும் குடுக்கலம்மா. கல்லு தோண்டி வித்தாங்க."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அப்ப ஆருகிட்டயும் போயி நிக்க வேண்டியதில்ல" என்றார். பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

இந்த மடலை எழுதக் காரணம் அம்மாவின் அந்த ஒரு வரிதான். 'போய் நிற்பது' என்று நாங்கள் சொல்வதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். உதவி கேட்டு ஒருவர் வாசலில் நிற்பதற்குப் பெயர் அது. கேட்பதற்கு முன்னால் இருக்கும் நிற்பு. உள்ளே வாங்க என்பார்கள், காபி கொடுப்பார்கள், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார்கள், அவ்வளவு நேரமும் கேட்க வந்த சொல் தொண்டையில் நிற்கும். என் சித்தப்பா வீட்டில் அம்மா அப்படி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கேட்காமலே திரும்பி வந்தார். சித்தப்பா மறுநாள் அவராகவே வந்து இருபதாயிரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் என்னென்ன எந்த வரிசையில் போயின என்று சொல்கிறேன். முதலில் கேபிள். பிறகு பால் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டர் ஆனது. ஸ்கூட்டர் நின்றது, பஸ்ஸில் போனேன். ஆயுள் காப்பீட்டுத் தவணையைக் கட்டாமல் விட்டோம். மாதச் சீட்டில் இரண்டு தவணை பாக்கி விழுந்தது. சீட்டுப் பிடிக்கும் அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாவது மாதம் அம்மாவின் இரண்டரைப் பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. தம்பியின் கல்லூரிக் கட்டணமும் கரண்ட் பில்லும் ஒரே வாரத்தில் வந்தபோது கட்டணத்தைக் கட்டினோம். கரண்ட் பில்லைக் கடைசி நாள்வரை இழுத்தோம், ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்துவிடுவாரோ என்று ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தபடி.

இவற்றையெல்லாம்விட என் மனதில் நிற்பது வேறொன்று. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நேர்வழி மளிகைக்கடை அண்ணாச்சியைத் தாண்டித்தான் போகும். அவர் நோட்டில் எங்கள் பேரில் நாலாயிரத்துச் சொச்சம் நின்றது. அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததால்தான் அம்மாவால் அந்த வழியாகப் போக முடியவில்லை. இரண்டு மாதம் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போனார், வெயிலில், முட்டி வலியோடு.

உங்கள் ஆட்டத்தில் ஒரு குடும்பத்துக்குப் பணம் இல்லாமல் போகலாம். வாரக் கட்டணத்தைக் கட்டாவிட்டால் மின்சாரமும் தண்ணீரும் நிற்கும். ஆனால் பணம் போனதால் ஒரு தெருவே இல்லாமல் போவது அதில் இல்லை. நான் கேட்பது அந்தத் தெருவைத்தான்.

இது உங்களுக்குப் புதிய யோசனை இல்லை என்பதும் தெரியும். சிம்ஸ் பிறந்ததே ஓர் இழப்பிலிருந்துதான். 1991 அக்டோபர் 20 அன்று கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து மலைப்பகுதியைத் தின்ற தீயில் 25 பேர் இறந்தார்கள், 3,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எரிந்தன. அதில் சிம்ஸை உருவாக்கிய வில் ரைட்டின் வீடும் ஒன்று. எல்லாம் போன பிறகு ஒரு வீட்டுக்கு எது எது வேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்து வாங்க வேண்டியிருந்த அந்த அனுபவம் இந்த ஆட்டத்துக்கு ஒரு விதையாக இருந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். வீடு எரிந்தவர் யோசித்த ஆட்டம் இது. நடு வாழ்க்கையில் வந்து விழும் அடி இதற்கு அந்நியமான விஷயமாக எப்படி இருக்க முடியும்?

2000-இல் வந்த முதல் ஆட்டத்தில் அந்த வாசனை கொஞ்சம் இருந்தது. செய்தித்தாளில் நாளுக்கு ஒரே ஒரு வேலை விளம்பரம் வரும், கணினி இருக்கிறவனுக்கு மூன்று. அதாவது கணினி வாங்க முடியாதவனுக்கு வேலை கிடைப்பதும் கடினம். இவ்வளவு உண்மையை ஒரே விதியில் வைத்திருந்தீர்கள்! இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வேலைக்குப் போகாவிட்டால் வேலை போகும். கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் ஜப்திக்காரர் வந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போவார். அத்தை பையனின் சிம் வீட்டில் டிவி அப்படிப் போனபோது நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். அப்புறம் அவன் பணம் தரும் ரகசியச் சொல்லைத் தட்டக் கற்றுக்கொண்டான். அப்போது ஒரு தட்டுக்கு 1,000 சிமோலியன் வந்தது, இப்போது 50,000 வருகிறது.

பிறகு வந்த விரிவாக்கங்களில் நீங்கள் சும்மா இருக்கவில்லை. 2019-இல் பல்கலைக்கழக விரிவாக்கத்தோடு கல்விக் கடன் வந்தது. 2023 டிசம்பரில் வாடகை வீடும் வீட்டு உரிமையாளரும் வந்தார்கள். இரண்டையும் வரவேற்றவள் நான். ஒரு சிம் இன்னொரு சிம்மிடம் கடன் கேட்கவும் முடியும், ஆனால் அதற்குப் பேச்சுக் கவர்ச்சித் திறன் ஏறியிருக்க வேண்டும். நான் நெடுநேரம் யோசித்தது இந்த விதியைப் பற்றித்தான். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பழகி, எல்லோருக்கும் பிடித்தவராக ஆன பிறகு கடன் கேட்கும் வாசல் திறக்கிறது. கேட்பது அங்கே ஒரு பரிசு. எங்கள் ஊரில் தேவைதான் கேட்க வைக்கிறது, அந்தத் தேவையே பேச்சையும் பிடுங்கிக்கொள்கிறது. சபையில் அவ்வளவு கலகலப்பாகப் பேசும் என் அம்மா சித்தப்பா வீட்டில் ஒன்றரை மணி நேரம் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் என்பது ஜாலிக்கு, அதில் ஏழ்மை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நாங்கள் பாட்டியோடு திண்ணையில் ஆடிய பல்லாங்குழியில் ஏழ்மை இருந்தது. ஆளுக்கு ஏழு குழி. ஒரு சுற்றில் தோற்றவருக்கு அடுத்த சுற்றில் எல்லாக் குழியையும் நிரப்பப் புளியங்கொட்டை இருக்காது. நிரப்ப முடிந்த குழிகளை நிரப்பிவிட்டு, மிச்சத்தை அடைத்துவிட்டு ஆட வேண்டும். ஜெயித்தவருக்கு மொத்த நிலமும் இருக்கும், தோற்றவருக்குப் பாதி நிலம். கொட்டை அதற்கும் கீழே குறைந்துபோனால் குழிக்கு ஒன்று ஒன்றாகப் போட்டு ஆடுவதற்கும் வழி உண்டு. அதற்குப் பெயர் கஞ்சி காய்ச்சுவது. என் தங்கை முறையுள்ள பிள்ளைகள் கஞ்சி காய்ச்சும் நிலைக்கு வந்து அழுதிருக்கிறார்கள், அங்கிருந்து ஏறி வந்தும் இருக்கிறார்கள். யாரும் ஆட்டத்தை விட்டுப் போனதில்லை. ஏழையாக ஆடுவதற்கும் விதி வைத்திருந்தார்கள், பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

கணினி ஆட்டங்களிலும் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். லூகாஸ் போப் 2013-இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தில் நீங்கள் ஓர் எல்லைச் சாவடி அதிகாரி. பகலெல்லாம் கடவுச்சீட்டு பார்க்க வேண்டும். நாள் முடிவில் ஒரு சின்னக் கணக்குத் தாள் வரும்: வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மருந்து. சம்பளம் எல்லாவற்றுக்கும் போதாது. எதை விடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு அரை லிட்டர் பாலும் காப்பீட்டுத் தவணையும் அந்தத் தாளில் எனக்குத் தெரிந்தன.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டர்ஹம் நகரத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக 2011-இல் வந்த 'ஸ்பென்ட்' இன்னும் நேரடியானது. வேலை போய்விட்டது, வீடு போய்விட்டது, கையில் 1,000 டாலர். ஒரு மாதம் ஓட்டிக் காட்டு என்கிறது. நடுவில் ஒரு நண்பரிடம் உதவி கேள் என்று வரும். அது வெளிவந்த காலத்தில், கேட்பதென்றால் உண்மையிலேயே உங்கள் ஃபேஸ்புக் நண்பர்களிடம் போக வேண்டியிருந்தது. விளையாட்டுக்காகக்கூட அதைச் செய்யக் கை தயங்கும். அதை வைத்தவர்களுக்குப் போய் நிற்பது என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த ஆட்டத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதை ஆடியவர்களுக்கு ஏழைகள் மேல் பரிவு கூடுகிறதா என்று யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்கள் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்தபடி கூடவில்லை. தேர்வுகள் எல்லாம் தன் கையில் இருந்ததால், சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம், ஏழ்மை அவரவர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்ற எண்ணத்துக்கே ஆடியவர்கள் போயிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் வேலை போன காலத்தில் நான் அதிகம் கேட்ட பேச்சு அதுதான்: "முன்னாடியே கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கலாமே." ஆகவே, கஷ்டத்தைக் கொண்டுவரும்போது அதை ஒரு புதிராக்கிவிடாதீர்கள். கெட்டிக்கார ஆட்டக்காரர் மூன்றே நகர்த்தலில் அவிழ்த்துவிடும் முடிச்சாக அது இருக்கக் கூடாது. நன்றாக வேலை செய்த சிம்முக்கும் வேலை போகட்டும். திறன் பத்தில் பத்து இருந்தும் மூன்று வாரம் போன் வராமல் இருக்கட்டும். அந்த மூன்று வாரமும் சிம் சோம்பேறி இல்லை என்பதை ஆடுகிறவர் தன் கண்ணால் பார்ப்பார்.

சிம்மின் மனநிலையை நீங்கள் மூட்லெட் என்ற சின்னக் குறிப்புகளாகத் திரையில் காட்டுகிறீர்கள். அதில் பணக் கவலைக்கு ஒரு கனமான இடம் கொடுங்கள். ஏன் என்றால், இதற்கு எங்கள் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஆய்வு அது, 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. கரும்புக்காரர்களுக்குப் பணம் அறுவடைக்குப் பிறகுதான் மொத்தமாக வரும். அறுவடைக்கு முன்னால், கை காய்ந்திருக்கும் நேரத்தில், 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் 4 சதவீதம். யோசிக்கும் திறனைச் சோதிக்கும் தேர்வுகளில் அதே விவசாயிகள் அறுவடைக்கு முன்னால் தடுமாறினார்கள், பின்னால் நன்றாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, கையில் பணம் வந்திருந்தது, அவ்வளவுதான். அந்த ஐந்து மாதத்தில் இரண்டு நேர்முகங்களில் எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்விக்கு வாய் வரவில்லை. ஏன் என்பது இந்த ஆய்வைப் படித்தபோதுதான் புரிந்தது. பணக் கவலையில் இருக்கும் சிம் சமையலைத் தீய விடட்டும், திறன் மெதுவாக ஏறட்டும்.

அடகுக் கடை வையுங்கள். இது நான் ரொம்பவும் விரும்பிக் கேட்பது. இப்போது ஒரு பொருளை விற்றால் அது போயே போய்விடுகிறது, வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். விற்பது வேறு, அடகு வைப்பது வேறு. அடகு வைத்த சங்கிலி எங்கோ ஒரு பெட்டிக்குள் உங்களுக்காகக் காத்திருக்கும். மாதா மாதம் வட்டி ஓடும். கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போகும். அது பாட்டியின் சிம் அணிந்திருந்த சங்கிலியாக இருந்தால், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தை ஆடுகிற உங்கள் ஆட்டக்காரர்கள் அதை மீட்பதற்கு எவ்வளவு பாடுபடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் அம்மா சங்கிலியை மீட்டு வந்த அன்று அதைக் கழுத்தில் போடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அரைமணி நேரம் கழித்துத்தான் போட்டுக்கொண்டார்.

கடனை உறவுக் கோட்டோடு கட்டுங்கள். இரண்டு சிம்களுக்கு நடுவில் பச்சையாகவும் சிவப்பாகவும் ஏறி இறங்கும் அந்தக் கோடு உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. கடன் பட்டவர் வீட்டுப் பக்கம் போகத் தயங்கும் சிம், விருந்துக்குக் கூப்பிட்டும் வராத சிம், கேட்காமலே கொண்டுவந்து கொடுக்கும் சித்தப்பா சிம், கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லும் இன்னொரு சிம்: இதற்கெல்லாம் பெரிய இயந்திரம் புதிதாகத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. உதவுகிற பக்கமும் ஆடத் தகுந்ததுதான். வசதியான குடும்பத்தை ஆடும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் பேசிவிட்டுப் போகட்டும். ஆடுகிறவருக்கு அது புரிகிறதா என்று பார்க்கலாம்.

கஷ்டத்தை மறக்கத்தான் பலர் ஆட வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் சில ராத்திரிகளில் அப்படித்தான் ஆடினேன். வட்டியும் கெடுவும் இல்லாத கடன் கொடுக்கும் டாம் நூக் இருக்கும் 'அனிமல் கிராஸிங்' ஆட்டத்தின் தீவில் போய் உட்கார்ந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பதும் தெரியும். அந்த ஆறுதலை யாரிடமிருந்தும் பிடுங்கச் சொல்லவில்லை. சிம்களுக்கு வயதாவதை நிறுத்திவைக்க அமைப்பில் ஒரு தெரிவு வைத்திருக்கிறீர்கள். இதற்கும் அப்படி ஒன்று வையுங்கள். வேண்டாதவர்கள் அணைத்துவிடட்டும். வேண்டும் என்கிற எங்களைப் போன்றவர்கள் இத்தனை வருடமாக எங்களுக்கு நாங்களே விதி போட்டுக்கொண்டு ஆடுகிறோம். பணத்தை வீணாக்கிவிட்டு, காலி மனையில் ஒரு படுக்கையோடு தொடங்குகிறோம். அப்படித் தொடங்கினாலும் பாதை ஒரே பக்கம்தான் போகிறது, மேல்நோக்கி. ஏறியவர் நடுவில் விழுவதற்கும், விழுந்தவரை யாராவது பிடிப்பதற்கும் ஆட்டத்துக்குள்ளேயே இடம் வேண்டும்.

எனக்கு 2024-இல் நிலைமை சரியானது. அண்ணாச்சி பாக்கி தீர்ந்தது. நான் பணத்தைக் கொடுத்தபோது அவர் நோட்டில் கோடு போட்டுவிட்டு, "அம்மாவ இப்பெல்லாம் ஆளையே காணமே" என்றார். மறுநாளிலிருந்து அம்மா நேர்வழியில் போகிறார். சித்தப்பாவுக்கு மாதம் இரண்டாயிரமாகக் கொடுத்து முடித்தோம்.

அந்தக் குடும்பம் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. போன வாரம் அவர்கள் பக்கத்து மனையில் ஒரு வயதான சிம்மைக் குடிவைத்து, அண்ணாச்சி என்று பெயர் வைத்தேன். அம்மாவின் சிம்மைக் கூட்டிப்போய் அவர் வாசலில் நிறுத்தினேன். வணக்கம் சொல்லலாம், வானிலையைப் பேசலாம், நகைச்சுவை சொல்லலாம், கட்டிப்பிடிக்கலாம். கடன் கேட்க அவருக்குப் பேச்சுத் திறன் இன்னும் ஏறவில்லை.

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தை ஆடும் ஒருத்தி,
கோயம்புத்தூர்